ஜப்பான் போறதுக்கு ஸ்வெட்டரா? ஜூலைல வந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர டோக்கியோல உக்காந்து போன்ல தினமும் படிக்கிறவ நான். சொந்த ஊர் திருச்சி, இப்ப இருக்கிறது எடோகாவா வார்டுல நிஷிகசாய் பக்கம், நம்மூர் ஆளுங்க நெறய பேர் இருக்கிற ஏரியா. போன ஞாயிறு இணைப்புல, வெளிநாட்டுல இருக்கிற புள்ளைங்க வீட்டுக்குப் போற அப்பா அம்மாக்களுக்கு யோசனைகள்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஜப்பானுக்கு ரெண்டே வரி ஒதுக்கி, நம்மூர் வெயில்லேர்ந்து தப்பிக்க ஏத்த எடம், ஜூலை ஆகஸ்ட்ல இதமா இருக்கும், ஒரு ஸ்வெட்டர் கைல இருக்கட்டும்னு முடிச்சிட்டீங்க. அந்த ஸ்வெட்டர்தான் என்னைய இந்த லெட்டர எழுத வெச்சுது.

இத ஒரு வாசகர் திருத்தம்னு ரெண்டு வரில போட்டுட்டு விட்றாதீங்க ப்ளீஸ், ஏன்னா இதப் படிச்சிட்டு டிக்கெட் போடுறவங்க பெரும்பாலும் அறுபது எழுபது வயசு ஆளுங்க. கத்திரி முடிஞ்சிடுச்சு, நாம பாக்காத வெயிலா, இனி குளு குளு தேசம்னு நிம்மதியா ஃப்ளைட் ஏறி நரிட்டால எறங்குறாங்க, கதவு தொறந்து வெளிய வந்ததும் கண்ணாடி போட்டவங்க கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியாம நிக்கிறாங்க. ஏசில சில்லுன்னு இருந்த கண்ணாடி மேல வெளிக்காத்துல இருக்கிற ஈரம் அப்படியே தண்ணியா படியுது, காத்துல அவ்ளோ தண்ணி. அங்கயே புரிஞ்சிடணும், ஆனா யாருக்கும் புரியறதில்ல, கண்ணாடியத் தொடச்சுப் போட்டுட்டு ட்ரெயின் ஏறிடுறாங்க.

முதல்ல வெயில் எவ்ளோன்னு சொல்லிடறேன். டோக்கியோவுக்கு வடமேக்க சைத்தாமால குமகாயான்னு ஒரு ஊர், அங்க 2018 ஜூலை 23-ம் தேதி 41.1 டிகிரி. அதுக்கும் மேல குன்மால இசெசாகி, 2025 ஆகஸ்ட் 5-ல 41.8. நம்ம கரூர் பரமத்திக்கு கொறஞ்சதில்ல பாத்தீங்களா. டோக்கியோ நகரத்துலயே 2023-ல மட்டும் 35 டிகிரியத் தாண்டின நாள் 22. இங்க 30-க்கு மேல போற நாளுக்கு ஒரு பேரு, 35-க்கு மேல போனா வேற பேரு, ராத்திரி 25-க்குக் கீழ எறங்காட்டி அதுக்கும் தனியா ஒரு பேரு, வானிலைக்காரங்க பேரு வெச்சே களைச்சிருப்பாங்க. டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல மாரத்தானையும் வேகநடைப் போட்டியையும் 800 கிலோமீட்டர் தாண்டி வடக்க சப்போரோக்கு தூக்கிட்டுப் போனாங்களே, அது இந்த வெயிலுக்குப் பயந்துதான். அந்த சப்போரோ இருக்கிற ஹொக்கைடோ தீவுக்குப் போறவங்களுக்கு வேணா உங்க ஸ்வெட்டர் ராத்திரில உதவலாம். டோக்கியோ, ஒசாகா, நகோயா, கியோட்டோ இங்கல்லாம் அது பெட்டியடைக்கத்தான்.

ஆனா டிகிரி கூட பெரிய விஷயம் இல்ல, நான் சொல்ல வந்தது ஈரம். எங்க மாமனார் கரூர்க்காரர். வந்த அன்னிக்கே டிவில 34-னு பாத்துட்டு சிரிச்சார், "ஏம்மா, 41 அடிச்சப்பயே சைக்கிள் மிதிச்சுட்டுப் போய் ரேசன் வாங்கிட்டு வந்தவன் நான், இதுக்குப் போய் குடை தொப்பின்னு எல்லாரும் ஆர்ப்பாட்டம் பண்றாங்க"ன்னார். அவர் சொன்னது பொய்யில்ல, அந்த வெயில்ல போனவர்தான். ஆனா கரூர்ல 40 டிகிரி மத்தியானத்துல காத்துல ஈரப்பதம் 20 சதவீதம் இருந்தா பெரிய விஷயம், வேர்க்கிறது வேர்க்கிறதே தெரியாது, வந்த வேகத்துல காஞ்சிடும், காயறப்ப ஒடம்புச் சூட்ட எடுத்துட்டுப் போயிடும். தெர்மாமீட்டர் குமிழ்ல ஈரத்துணி சுத்தி காத்துல வெச்சா அந்த 40 டிகிரி கரூர்ல அது 23 கிட்டத்தான் காட்டும். டோக்கியோல 34 டிகிரி, ஈரப்பதம் 60-னு வெச்சுக்குங்க, அதே ஈரத்துணி தெர்மாமீட்டர் 27, 28 காட்டும். வேர்வை எவ்ளோ தூரம் நம்மளக் குளிர வைக்க முடியும்கிறதுக்கு அதுதான் எல்லை. அப்ப எது சூடான ஊர்? வேர்வை ஊத்தும், சட்டை ஒட்டும், முதுகுல வழிஞ்சு இடுப்புத் துணி நனையும், ஆனா காயாது, காயலேன்னா குளிராது, ஒடம்புல இருக்கிற தண்ணியும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இது எங்கேர்ந்து வருதுன்னா, கோடைல பசிபிக் கடல் மேல உக்காந்துக்கிற உயரழுத்தம் தெக்கேர்ந்து ஈரக்காத்த ஜப்பான் மேல தள்ளிக்கிட்டே இருக்கும். அதுக்கு முன்னாடி ஜூன் முதல் வாரத்துலேர்ந்து ஜூலை மூணாவது வாரம் வரைக்கும் ட்சுயுன்னு ஒரு மழைக்காலம், சூடு அவ்ளோ இருக்காது, 25, 26 தான், ஆனா அலமாரில வெச்ச தோல் செருப்புல பூஞ்சை பூக்கும், அப்பளம் நமுக்கும், அம்மா ஆசையா கட்டிக் குடுத்த முறுக்கு டப்பாவத் தொறந்து மூடின ஒரு மணி நேரத்துல சவசவன்னு ஆயிடும். ஒரே ஒரு நல்லது, இட்லி மாவு ஒரே ராத்திரில பொங்கி வழியும், ஜனவரில போர்வை சுத்தி வெச்சாலும் பொங்காத அதே மாவு.

சரி, இதுல எப்படிப் பொழைக்கிறதுங்கிறதுதான் சொல்லணும், அதுக்குத்தான் எழுதுறேன். நம்ம பெரியவங்க நம்மூர்ல செஞ்சு பழகின வெயில் வைத்தியத்துல பாதி இங்க வேலைக்காகாது, சிலது எதிரா வேலை செய்யும். ஜன்னல்ல ஈரத்துணி தொங்க விடுறது, தரையில தண்ணி தெளிச்சு வெக்கிறது, வெட்டிவேர் தட்டி, ஏர் கூலர், இது எல்லாமே காஞ்ச காத்து இருந்தாத்தான் குளுமை குடுக்கும். ஏற்கனவே ஈரமா இருக்கிற ரூமுக்குள்ள மேற்கொண்டு ஈரத்தச் சேத்தா வேர்வை காய இருந்த கொஞ்ச நஞ்ச வழியும் அடைச்சுப் போகும். இங்க கடைலயும் தண்ணி ஊத்தற ஃபேன்னு சின்னச் சின்னதா விக்கிறாங்க, பாக்க அழகா இருக்கும், வாங்கிடாதீங்க. ஜப்பான்காரங்களும் வாசல்ல தண்ணி தெளிக்கிறவங்கதான், உச்சிமிசுன்னு சொல்றாங்க, நம்ம வாசத்தெளிப்பு மாதிரியேதான், ஆனா அத காலைலயும் சாயங்காலம் வெயில் எறங்கினப்புறமும் வெளித்தரையில செய்வாங்க, உச்சி வெயில்ல செஞ்சா தெரு முழுக்க புழுங்கும்னு அவங்களுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளிய நாணல் தட்டி தொங்க விடுறது, பாகக்கா கொடிய வலையில ஏத்தி விட்டு ஜன்னல மறைக்கிறது, இதெல்லாம் நல்ல வேலை, ஏன்னா வெயில கண்ணாடிக்கு வெளியவே நிறுத்திடுது. உள்பக்கம் திரைச்சீலை போட்டா சூடு கண்ணாடியத் தாண்டி உள்ள வந்தப்புறம்தான் மறைக்குது, வித்தியாசம் கை வெச்சாலே தெரியும். பாகக்கா பொரியலுக்கும் ஆச்சு.

ஏசி விஷயத்துக்கு வரேன், சண்ட வர்றதே இங்கதான். இங்க வாடகை வீடுகள்ல சீலிங் ஃபேன் கெடையாது. நம்ம பெரியவங்களுக்கு தலைக்கு மேல சுத்தலேன்னா தூக்கம் வராது, ஏசி போட்டா கை கால் குடையுது, கரண்ட் பில் வேற, அதனால ராத்திரி பதினொண்ணுக்கு ஏசிய அமத்திட்டு ஜன்னலத் தொறந்து வெச்சுட்டுப் படுத்துக்குவாங்க. எங்க மாமாவும் அதத்தான் செஞ்சார், விடியக்காலம் காத்து வரும்மான்னார். கரூர்ல வரும், ராத்திரில காவேரிக்கரை காத்து வீசும். டோக்கியோல ஆகஸ்ட்ல விடியக்காலம் மூணு மணிக்கும் 27 டிகிரி, ஈரம் 85, 90, காத்து அசையாது, பகல் பூரா சூடு வாங்கின காங்கிரீட் ராத்திரி பூரா அத வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். ரெண்டு மூணு நாள் அப்படித் தூங்கினார். அப்புறம் ஒரு காலைல கெண்டைக்கால் சதை முறுக்கிப் பிடிச்சு கத்தறார், எந்திரிச்சா தலை சுத்துது, காபி வாசனைக்கே குமட்டுது. வெயில்ல எங்கயும் போகல, வீட்டுக்குள்ளதான் இருந்தார், அதான் அவருக்கே நம்ப முடியல. கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஐஸ் பையத் துணில சுத்தி வெச்சு, மருந்துக்கடைல விக்கிற உப்புச் சக்கரைத் தண்ணி பாட்டில மடக்கு மடக்கா குடுத்து, கிளினிக் கூட்டிட்டுப் போய் டிரிப்ஸ் ஏத்தி சாயங்காலம் வந்துட்டோம். டாக்டர் வயசானவர், நல்ல மனுஷன், வேற எதையும் கேக்கறதுக்கு முன்னாடி முதல்ல கேட்டதே ராத்திரி ஏசி ஓடுச்சான்னுதான்.

அவர் ஏன் அதக் கேட்டார்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. ஜப்பான்ல வெயில் பாதிச்சு ஆம்புலன்ஸ்ல ஏத்துறவங்கள்ல பத்துக்கு நாலு பேர் கிட்ட வீட்டுக்குள்ள இருந்தவங்க, பாதிக்கு மேல 65 வயசு தாண்டினவங்க. 2024-ல மே மாசத்துலேர்ந்து செப்டம்பருக்குள்ள அப்படி ஏத்தினது 97 ஆயிரத்துக்கும் மேல. வீட்டுக்குள்ளயே செத்துக் கெடக்கிற பெரியவங்க நியூஸ் வருஷா வருஷம் வருது, ஏசி இருக்காது, இல்ல இருந்தும் போட்டிருக்க மாட்டாங்க. வயசானா தாகமே சரியாத் தெரியாது, சூடு தெரியறதும் மந்தமாயிடும், பிபிக்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இன்னும் மோசம். அதனால ராத்திரி ஏசி ஓடணும், 27 இல்ல 28-ல வெச்சு, காத்து நேரா ஆள் மேல படாம மேல திருப்பி விட்டு, ஒரு சின்ன டேபிள் ஃபேன செவுத்தப் பாத்து வெச்சா ரூம் பூரா காத்து சுத்தும், கை கால் குடைச்சலும் இருக்காது. மாமாவுக்கு அப்படித்தான் பண்ணிக் குடுத்தோம், ஒரு வேட்டியும் போர்த்திக்க ஒரு மெல்லிசு துண்டும், ஊருக்குக் கெளம்பற வரைக்கும் ஏசிய அவர் தொடல.

ரிமோட் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா மகனும் மருமகளும் ஆபீஸ் போனப்புறம் பெரியவங்க கைல இருக்கிறது அதுதான், அதுல ஒரு எழுத்தும் அவங்களுக்குப் படிக்க வராது. பெரும்பாலும் நீல பட்டன் ரெய்போ, அதாவது கூலிங். சிவப்போ ஆரஞ்சோ இருந்தா டான்போ, ஹீட்டர், ஆகஸ்ட்ல அதத் தெரியாம அமுக்கிட்டு ஏசி ரிப்பேர்னு போன் பண்ணவங்கள எங்க பில்டிங்லயே தெரியும். இன்னொண்ணு ஜோஷிட்சு, ஈரம் எடுக்கிறது. புதுசா வர்றவங்க எல்லாம் ஈரம்தானே பிரச்சினை, அப்ப எப்பவும் ஜோஷிட்சுதான்னு நெனச்சுக்குறாங்க. அது ட்சுயு சமயத்துக்கு, ரூம் சூடில்லாம பிசுபிசுன்னு மட்டும் இருக்கிறப்ப. வெளிய 33 அடிக்கிறப்ப கூலிங்தான் சரி, குளிர்ற கம்பி மேல காத்து பட்டு ஈரமும் தண்ணியா எறங்கிடும், கூலிங்ல கூடுதலாவே எறங்கும். பால்கனில அந்தக் குழாய்லேர்ந்து சொட்டுதே தண்ணி, அது உங்க ரூம் காத்துல மெதந்துக்கிட்டு இருந்ததுதான், ஒரு பக்கெட் வெச்சுப் பாருங்க, மலைச்சுப் போயிடுவீங்க. ஃபில்டர ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் கழுவணும். வெளில இருக்கிற மெஷின் மேல வெயில் படாம தட்டி வெக்கலாம், ஆனா முன்னாடி காத்து போற வழிய அடைச்சுட்டா கரண்ட் பில்லும் ஏறும், கூலிங்கும் வராது. ரிமோட்ல பட்டனுக்கு மேல சின்ன ஸ்டிக்கர் ஒட்டி தமிழ்ல எழுதி வெச்சுட்டுப் போங்க, பெரிய உபகாரம்.

இதுல நம்ம சமையல் பங்கு ஒண்ணு இருக்கு, யாரும் யோசிக்கிறதில்ல. சின்ன வீடு, ஜன்னல் மூடியிருக்கு, உள்ள குக்கர் ஆறு விசில், பக்கத்து அடுப்புல இட்லி, சாம்பார் கொதிக்குது, அந்த ஆவி அத்தனையும் ரூமுக்குள்ளதான். அதோட மழைன்னு துவைச்ச துணியையும் ஹால்லயே காயப் போட்டா ஏசி அந்தத் துணிய ஒணத்திக்கிட்டு இருக்குமே தவிர நம்மள கவனிக்காது. அடுப்புக்கு மேல இருக்கிற எக்ஸாஸ்ட சமைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்ரணும், குளிச்சப்புறம் பாத்ரூம் கதவ சாத்தி அங்க ஃபேன ஓட விடணும், துணிய முடிஞ்சா பாத்ரூம்லயே காயப் போடணும், இங்க நெறய வீட்டுல அதுக்குன்னு கம்பியே இருக்கும். விடியக்காலைலயே சாம்பார் வேலைய முடிச்சுட்டு மத்தியானத்துக்கு தயிர்சாதம், அவ்ளோதான். 100 யென் கடைல ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் கெடைக்கும், ஹால்ல மாட்டி வெச்சு 60-க்கு மேல போகாம பாத்துக்கிட்டா போதும். எங்க அத்தைக்கு அது ஒரு வெளையாட்டு ஆயிடுச்சு, குக்கர் வெச்சதும் ஓடிப் போய் மீட்டரப் பாப்பாங்க.

குடிக்கிறதுக்கு இந்த ஊர் ஆளுங்க கோடை பூரா முகிச்சா குடிக்கிறாங்க, வறுத்த பார்லி ஊற வெச்ச தண்ணி, நம்ம வீட்டு பார்லித் தண்ணிக்கு சொந்தக்காரன், கஃபீன் கெடையாது, ஒரு பாக்கெட்ட ராத்திரி ஒரு லிட்டர் தண்ணில போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா காலைல ரெடி. முதல் வாய்ல கருகின வாசனை அடிக்கும், மூணாவது நாள் பழகிடும். ஆனா அதுல உப்பு இல்ல. உப்புக்கு அவங்களுக்கு உமேபோஷி ஊறுகா, உப்பு மிட்டாய், நமக்கு நீர்மோர். இங்க கெடைக்கிற சக்கரை போடாத தயிர் நல்லாவே புளிக்கும், தண்ணியா கடைஞ்சு உப்பு, இஞ்சி, கருவேப்பிலை காஞ்சது கொஞ்சம் நசுக்கிப் போட்டா, கடைல பாட்டில்ல விக்கிற போக்காரி ஸ்வெட் பானமாவது ஒண்ணாவது. போக்காரி ஸ்வெட் 1980-லேர்ந்து வர்றது, மோசமில்ல, ஆனா சக்கரை ஜாஸ்தி, சுகர் இருக்கிறவங்க தாகத்துக்கெல்லாம் அதயே குடிச்சுட்டு இருக்கக் கூடாது. பிபி, கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க உப்பு எவ்ளோன்னு ஊர்லயே டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. பைப் தண்ணி தாராளமா குடிக்கலாம், பயம் வேணாம்.

துணில நான் சொல்றது நெறய பேருக்குப் பிடிக்காது. பருத்திதான் வெயிலுக்குன்னு நம்ம ரத்தத்துல இருக்கு, வீட்டுக்குள்ள ஏசில சரி, ஆனா தெருவுல ஒரு மணி நேரம் நடந்தா கட்டி பனியன் தண்ணி குடிச்சு சொதசொதன்னு ஆகி காயவே காயாது, அப்படியே ஏசி ட்ரெயின்ல ஏறினா முதுகு வெறைச்சுப் போகும். வெளிய போறதுக்கு யூனிக்லோ ஏர்ரிசம் மாதிரி மெல்லிசா சீக்கிரம் காயற பனியன உள்ள போட்டு மேல தொளதொள சட்டை போட்டா நல்லா இருக்கு. மெல்லிசு மல்மல் புடவை பரவால்ல, பட்டுப்பாவாடை, காஞ்சிபுரம் எல்லாம் நவராத்திரிக்கு வெச்சுக்குங்க. ஆம்பளைங்க குடை பிடிக்க வெக்கப்பட வேணாம், இங்க இப்ப ஆம்பளைங்களும் வெயில் குடை பிடிச்சுட்டுத்தான் ஆபீஸ் போறாங்க. ஸ்கூல் புள்ளைங்க கழுத்துல நீலமா பச்சையா ஒரு வளையம் மாட்டிட்டுப் போகும் பாருங்க, அதுக்குள்ள இருக்கிற திரவம் 28 டிகிரிக்குக் கீழ ஒறைஞ்சு போகும், ஒடம்புச் சூட்டுல மெதுவா உருகும், ஐஸ் மாதிரி சுரீர்னு கடிக்காது, சொட்டாது, திரும்ப ஃப்ரிட்ஜ்ல போட்டா கெட்டியாயிடும். பெரியவங்களுக்கும் நல்லா ஒத்துக்குது. ரோட்டு வேலை செய்றவங்க சட்டை பலூன் மாதிரி உப்பிட்டு இருக்கும், இடுப்புக்கு ரெண்டு பக்கமும் சின்ன ஃபேன் வெச்சுத் தைச்சது, சோனில இன்ஜினியரா இருந்த ஒருத்தர் ஆரம்பிச்ச கம்பெனி 2004 வாக்குல கொண்டு வந்தது, இப்ப நாடு பூரா சித்தாள் கொத்தனார் டிராஃபிக் ஆள் எல்லாரும் அதத்தான் போட்டிருக்காங்க. எனக்கு அதப் பாக்கறப்பல்லாம் அண்ணாசாலைல மெட்ரோ வேலை செய்ற ஆளுங்க ஞாபகம்தான் வரும்.

இங்கதான் நான் உங்ககிட்ட கேக்க வந்த விஷயம் இருக்கு. இந்த ஊர்ல கோடைல டிவி, பேப்பர், போன் எங்க பாத்தாலும் டிகிரியோட இன்னொரு எண்ணு வரும், வெப்ப ஆபத்து எண்ணு. 1950-கள்ல அமெரிக்கப் படைல ட்ரெயினிங் எடுக்கிற பசங்க வெயில்ல சுருண்டு விழுந்ததால கண்டுபிடிச்ச கணக்கு, ஈரத்துணி தெர்மாமீட்டருக்கு பத்துல ஏழு பங்கு, வெயில் சூட்டுக்கு ரெண்டு பங்கு, நாம வழக்கமா பாக்கிற டிகிரிக்கு ஒரே ஒரு பங்கு. ஒரே ஒரு பங்குங்க. நாம அந்த ஒரு பங்கத்தான் கொட்டை எழுத்துல முதல் பக்கத்துல போட்டுட்டு இருக்கோம். அந்த எண்ணு 28 தாண்டினா ரொம்ப கவனம், 31 தாண்டினா நெறய ஸ்கூல்ல மைதானத்துக்கே விட மாட்டாங்க, நீச்சல் வகுப்பு கூட ரத்து, தண்ணிக்குள்ளயும் ஆபத்துதானாம். 33 தொடும்னு கணிச்சா முந்தின நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கும் அன்னிக்கு காலைல அஞ்சு மணிக்கும் எச்சரிக்கை விடுவாங்க, 2021-லேர்ந்து நாடு பூரா இது நடக்குது. 2024-லேர்ந்து லைப்ரரி, வார்டு ஆபீஸ், சில கடைங்கள்ல எல்லாம் கூலிங் ஷெல்டர்னு போர்டு மாட்டி யார் வேணா உள்ள வந்து உக்காரலாம்னு வெச்சிருக்காங்க. 2025 ஜூன் 1-லேர்ந்து அந்த எண்ணு 28-க்கு மேல இருக்கிற எடத்துல தொடர்ந்து வேலை வாங்கற மொதலாளி, ஆளுக்கு ஒடம்பு சரியில்லாட்டி யார்கிட்ட சொல்றது, எங்க கூட்டிட்டுப் போறதுன்னு முன்னாடியே ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கணும்னு சட்டமே ஆயிடுச்சு.

நம்மூர்லயும் ஒண்ணும் நடக்கலேன்னு சொல்லல. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலைய மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுது, எறந்தவங்க குடும்பத்துக்கு நாலு லட்சம்னு. அப்பவே நான் கை தட்டினேன். ஆனா வெப்ப அலைன்னு சொல்றதுக்கே கடலோரத்துல 37, சமவெளில 40 டிகிரி தொடணும், வழக்கத்த விட நாலரை டிகிரி கூடணும்னு கணக்கு டிகிரிலயே நிக்குது. தூத்துக்குடில, நாகப்பட்டினத்துல, எண்ணூர்ல 35 டிகிரி, ஈரம் 70-னு ஒரு நாள் இருந்தா அந்தக் கணக்குல அது வெப்ப அலையே இல்ல, ஆனா உப்பளத்துல நிக்கிறவங்களுக்கு கரூர் 40-ஐ விட அது மோசமான நாள். புழுக்கத்தால அசௌகரியம் ஏற்படலாம்னு ஒரு வரி நியூஸ்ல வரும், அசௌகரியமாம், என்னமோ சோபா சரியில்லாத மாதிரி.

அதனால உங்க பேப்பர் கடைசிப் பக்கத்துல வானிலைக் கட்டம் போடுறீங்களே, ஊர் பேரு, அதிகபட்சம், குறைந்தபட்சம்னு மூணு பத்தி, அதுல நாலாவதா மத்தியான ஈரப்பதம்னு ஒரு பத்தி சேருங்க. வானிலை மையத்துல அந்த எண்ணு தினமும் இருக்கத்தான் செய்யுது. முடிஞ்சா அஞ்சாவதா ஈரத்துணி கணக்கையும் போடுங்க, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு கலர் குடுத்தா படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும். வெளிநாட்டு ஊருங்க கட்டத்துல சிங்கப்பூர், துபாய், லண்டன் எல்லாம் போடுறீங்க, டோக்கியோவையும் சேத்துக்குங்க, அப்ப ஸ்வெட்டர் எடுத்துட்டு யாரும் கெளம்ப மாட்டாங்க.

அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் போடறதா இருந்தா இத மட்டும் போடுங்க: அப்பா அம்மாவ மே மாசம் இல்லேன்னா அக்டோபர் நவம்பர்ல வரச் சொல்லுங்க, ரெண்டும் சொகமான மாசம். மகளுக்குப் பிரசவம், பேரப்புள்ளைக்கு லீவுன்னு ஜூலை ஆகஸ்ட்ல வந்தே ஆகணும்னா டிராவல் இன்சூரன்ஸ் இல்லாம வராதீங்க, விசிட்டர் விசால வர்றவங்களுக்கு இங்க இருக்கிற அரசு காப்பீடு கெடையாது, டிரிப்ஸ் ஏத்தினாலும் முழுக்காசுதான். ஊர் சுத்திப் பாக்கறத காலை ஒம்போது மணிக்குள்ள வெச்சுக்குங்க, கோயிலுங்க சிலது விடியக்காலையே தொறந்திருக்கும். ஆள் தடுமாறிப் பேசினா, கூப்பிட்டா சரியா பதில் சொல்லாட்டி, தண்ணி தானா குடிக்க முடியாட்டி யோசிக்காம ஆம்புலன்ஸுக்கு 119 அடிங்க.

இப்படிக்கு,
திருச்சி வாசகி,
நிஷிகசாய், டோக்கியோ.

பி.கு: ஏசி குளிர் தாங்காதுன்னு ட்ரெயின்ல ஏறவே பயப்படுற பெரியவங்களுக்கு, இங்க நெறய லைன்ல ஒரு பெட்டிய மட்டும் ஜாகு ரெய்போஷான்னு குளிர் கொறச்சு விடுவாங்க, ஜன்னல் மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், எந்தப் பெட்டின்னு ஸ்டேஷன்ல கேட்டா காட்டுவாங்க.